சீராக வந்த சீன வெள்ளி

மார்ச் 16, திங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்குப் பஸ். அங்கிருந்து டாக்சியில் பத்து காஜா என்ற சிற்றூர். பஸ்ஸில் பாதிப் பேர் முகக்கவசம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று வாங்கியிருக்கலாம்.

வந்த வேலை, ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும் பழைய சீன வெள்ளி நாணயங்களைப் பார்த்து அவை அசல்தானா, அசலென்றால் ஏலத்தில் எவ்வளவு போகும் என்று சொல்வது. எங்கள் ஏல நிறுவனத்தில் இதற்கு நான் ஒருத்திதான். வழக்கமாகப் பொருள்தான் பினாங்குக்கு வரும், நான் போவதில்லை. “அம்மா டின்ன வீட்ட விட்டு அனுப்ப மாட்டாங்கக்கா, நீங்கதான் வரணும்” என்று குணாளன் என்பவர் போனில் விடாமல் கேட்டதால் புறப்பட்டேன்.

கதவைத் திறந்த அம்மாளைப் பார்த்ததும் மலாயில் பேச ஆரம்பித்துவிட்டேன். அசல் சீன முகம். ஆனால் நெற்றியில் குங்குமம், இடுப்பில் கைலி, கழுத்தில் முருகன் டாலர்.

“தமிழ்லயே பேசு மா. மூஞ்சி மட்டுந்தான் சீனம்” என்றார்.

பெயர் பூங்காவனம். ஐம்பத்தொன்றில், கம்யூனிஸ்டு கலகத்துக்காக மலாயாவில் போட்ட அவசரகாலத்தில், பால்குடி மாறாத பிள்ளையாக இருந்தவரை ஒரு சீனக் குடும்பம் ரயில்வே கேட் காவலர் வீராசாமியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பெண் குழந்தையை வளர்க்க முடியாத சீனர்கள் தமிழர் வீட்டில் கொடுப்பது அப்போது இங்கே நடந்ததுதான். இந்தக் குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் பதினொரு வெள்ளிகள் முடிந்திருந்தனவாம்.

“எங்கப்பா தீபாவளிக்குத் தீபாவளி தட்டுல பரப்பி வெச்சு எல்லாருக்கும் காட்டுவாரு. எம் பொண்ணு வெறுங்கையோட வரல, சீரோட வந்தவன்னு.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. டின்னையும் பார்க்கவில்லை.

குணாளன் அவருடைய ஒரே மகன். முப்பத்தைந்து வயதிருக்கும். மலைமேல் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை, போன மாதம் போய்விட்டது. வெள்ளியை விற்றுச் சாப்பாட்டு லாரி ஒன்று வாங்கப் பார்க்கிறார். அம்மா சம்மதித்துவிட்டதாகச் சொல்கிறார்.

மழை பிடித்துக்கொண்டதால் வேலையை நாளைக்கு வைத்து இங்கேயே தங்கினேன்.

மார்ச் 17

நேற்று ராத்திரிச் செய்தியில் பிரதமர் நாட்டையே மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். நாளை முதல் அமல். காலையிலேயே வேலையை முடித்துக் கிளம்பிவிடலாம் என்று மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்தேன்.

ஐந்து நாணயங்களில் குண்டு முகமும் மொட்டைத் தலையுமான பழைய சீன அதிபர் ஒருவர். மூன்றில் டிராகன். மூன்றில் பாய்மரக் கப்பல். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே இருந்தன.

அதிபர் நாணயம் ஒன்றைக் கையில் எடுத்தவுடனேயே சங்கடமாக இருந்தது. எடை போதவில்லை. லென்ஸில் பார்த்தேன். காதுக்குக் கீழே ஒரு சின்னக் கீறல். அடுத்ததை எடுத்தேன். அதே இடத்தில் அதே கீறல். மூன்றாவதிலும். ஒரு காசு கீழே விழுந்து கீறல் படலாம். மூன்று காசுகள் ஒரே மாதிரி விழ முடியாது. ஒரே அச்சில் வார்த்தவை.

டிராகன் காசுகளில் வியாபாரிகள் பரிசோதித்துக் குத்திய முத்திரைகள் இருந்தன. ஆனால் உளியால் அடித்தால் உலோகம் ஒதுங்கி விளிம்பு எழும்ப வேண்டும். இங்கே குழி வழவழப்பாக இருந்தது, அதுவும் வார்ப்பிலேயே வந்தது. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். வெள்ளியென்றால் தண்ணீரைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கனக்க வேண்டும். ஒன்றுகூட ஒன்பதைத் தொடவில்லை.

இந்தக் கீறலை எனக்குத் தெரியும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், தொண்ணூறுகளின் நடுவில், சந்தைகளில் வாங்கி ஏமாந்தவர்கள் இதே கீறலோடு கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தைகளில் இன்றைக்கும் கிடைக்கும். ஐம்பத்தொன்றில் ஒரு குழந்தையின் துணியில் இவை இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

“எப்படிக்கா?” என்று குணாளன் கேட்டார்.

“இன்னும் சில சோதனை இருக்கு” என்றேன். மேசையின் எதிர்ப்பக்கம் பூங்காவனத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் வாய் வரவில்லை. ஆபீஸ் போய் அறிக்கை அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

மத்தியானம் குணாளன் காரில் ஈப்போ பஸ் நிலையத்தில் கொண்டுவிட்டார். திருவிழாக் கூட்டம். எந்தப் பஸ்ஸிலும் இடமில்லை. பொழுது சாயும்வரை நின்றுவிட்டு அதே காரில் திரும்பி வந்தோம்.

மார்ச் 18

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மாநிலம் விட்டு மாநிலம் போக முடியாது. வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம். இந்த வீட்டில் அது குணாளன். கேட்டைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

“அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி, மூச்சுத் தொல்ல வேற. யாரும் உள்ள வரக்கூடாது, யாரும் வெளிய போகக்கூடாது. தப்பா எடுத்துக்காதீங்கக்கா.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மார்ச் 21

இரண்டு செட் உடைதான் கொண்டுவந்தேன். பூங்காவனத்தம்மா தன் கைலியும் சட்டையும் கொடுத்தார். சட்டை தோளில் பிடிக்கிறது. அண்ணனுக்குப் போன் செய்தேன். பத்திரமாக இருக்கச் சொன்னார். அங்கே என் அறையில் அவர் சின்ன மகனுக்கு ஆன்லைன் வகுப்பு நடக்கிறதாம். நல்லதுதான், அறை சும்மாதானே கிடக்கிறது.

மார்ச் 24

இன்றும் எடை பார்த்தேன்.

மார்ச் 27

முடிந்துபோன வேலையைத் தினமும் செய்கிறேன். காலைப் பசியாறல் ஆனதும் வெள்ளைத் துணி, தராசு, லென்ஸ். தெரிந்த எடையைத் திரும்பப் பார்க்கிறேன். தெரிந்த கீறலைத் திரும்பப் பார்க்கிறேன். குணாளன் மூன்று முறையாவது வந்து எட்டிப் பார்க்கிறார். “முடிஞ்சிச்சாக்கா?” ஒரு நாள் சோதனை மருந்து வரவேண்டும் என்றேன். இன்னொரு நாள் ஆபீஸிலிருந்து படம் வரவேண்டும் என்றேன். பொய் சொல்வது எனக்கு இவ்வளவு சுலபமாக வருமென்று தெரியாது.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன பிறகு எங்கே போவேன்? மாற்றியவர் குணாளனாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் வேறு யாருமில்லை. கேட் சாவி அவரிடம். அரிசி, மீன், நான் சாப்பிடும் மாத்திரை எல்லாமே அவர் போய் வாங்கி வருவது. தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இந்த வெடியைப் போட்டுவிட்டு அதே மேசையில் நான் எப்படிச் சோறு சாப்பிடுவது?

பூங்காவனத்தம்மா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தியவர், கை சும்மா இருக்காது. எதுவும் கேட்க மாட்டார். இன்று மட்டும் சொன்னார்.

“நிதானமா பாரு யோகேஸு. அவசரமில்ல.”

“உங்க மகன் அவசரப்படுறாரேம்மா.”

“அவன் கெடக்கான். கதவு தொறக்குறவரைக்கும் பாரு.”

மார்ச் 30

ஆணையை நீட்டித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2

பூங்காவனத்தம்மா துணி உலர்த்தப் பின்னால் போனதும் குணாளன் வந்தார். உட்காரவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்குறேன். ஒரிஜினல்னு எழுதிக் குடுத்துருங்களேன்.”

“சோதனை முடியணுமே.”

“எதுவா இருந்தாலும் அப்படியே எழுதிருங்க. உங்க கம்பெனி பேர் போட்ட தாள் ஒண்ணு, அம்மா கண்ணுல பட்டா போதும். மத்தத நான் பாத்துக்குவேன்.”

எதுவா இருந்தாலும். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அசலை எங்கோ விற்றுவிட்டு, இப்போது போலிக்கு என் கையெழுத்து.  யோசிக்கிறேன் என்றேன். பின்வாசலில் நிழல் ஆடியதும் அவர் பேச்சை மாற்றி, மீன் விலை ஏறிவிட்டதைச் சொன்னார்.

இன்றிலிருந்து என் அறைக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5

அண்ணன் பேசினார். தண்ணீர் பில் எந்த டிராயரில் என்று கேட்கத்தான். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டாரா என்பது நினைவில்லை.

ஏப்ரல் 7

ஜன்னல் கம்பி வழியாக எதிர்வீட்டு மாமரம். காய் பழுத்துத் தானே விழுகிறது, எடுக்க ஆளில்லை. அந்த வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார்களாம். யார் யாரோ எங்கெங்கோ.

ஏப்ரல் 9

இன்று ஒரு காரியம் செய்தேன். குப்பை போட குணாளன் கேட்டைத் திறந்தபோது, பையை நான் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். குப்பைத்தொட்டியைத் தாண்டி நடந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, கால் நடந்தது. இடுப்பில் இரவல் கைலி, கையில் பர்ஸ்கூட இல்லை. தாமான் குடியிருப்பின் முனையில் போலீஸ் ஜீப் நின்றது. இளைஞர்தான். மலாயில் மரியாதையாகவே கேட்டார்.

“வீடு எங்கே?”

“பினாங்கு” என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பின்னால் கையைக் காட்டினேன். உள்ளே போங்கள் ஆன்ட்டி, அபராதம் ஆயிரம் ரிங்கிட் என்றார்.

திரும்பி வந்தபோது பூங்காவனத்தம்மா கேட்டருகில் நின்றிருந்தார்.  காப்பி கலந்து கொடுத்தார். சீனி அதிகம்.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. கோயில் மூடியிருக்கிறது. பூங்காவனத்தம்மா பாயசம் வைத்தார். சாமி படத்துக்கும் பக்கத்திலிருந்த அப்பா வீராசாமியின் படத்துக்கும் முன்னால், அவர் பரப்பிய அதே தட்டில், டின்னிலிருந்து வெள்ளிகளை எடுத்துப் பரப்பினார். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்தார். குணாளன் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். அந்த அறையில் நிமிர்ந்து நின்றது வீராசாமி மட்டும்தான்.

ஏப்ரல் 17, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் சாப்பிட்டு எழுந்ததும் குணாளன் மேசையில் ஒரு தாளும் பேனாவும் வைத்தார். அம்மா அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு மாசம் ஆச்சுக்கா. நானும் பொறுமையா இருக்கேன். எழுதிருங்க.”

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. குரலைத் தாழ்த்தி, ஆனால் நேராகவே சொன்னேன்.

“இதுல ஒண்ணுகூட வெள்ளி இல்ல. வந்த மறுநாளே தெரியும். அசல எப்ப எடுத்தீங்க குணாளன்? யார்கிட்ட வித்தீங்க?”

அவர் முகம் போன போக்கை மறக்க மாட்டேன். கோபம் இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

“நானா? நான் எடுத்தேன்னா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க? ஒரு மாசமா?”

“எழுதிக் குடுங்கன்னு நீங்கதானே கேட்டீங்க?”

“போலின்னு எனக்குப் போன வருசமே தெரியும்க்கா. ஒண்ண எடுத்துட்டுப் போயி ஈப்போவுல நகைக்கடையில காட்டுனேன். ஒரசிப் பாத்துட்டு வெள்ளியே இல்லன்னுட்டான். தாத்தாவ எவனோ ஏமாத்திருக்கான், இல்ல தாத்தாவே கதை கட்டிருக்காரு. அத அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? அவங்களுக்கு இருக்கறதே அந்த ஒரு கதைதான். பெத்தவங்க சும்மா தூக்கிப் போடல, சீர் குடுத்து அனுப்புனாங்கன்னு. உங்க தாளக் காட்டி, வித்தாச்சுன்னு சொல்லி டின்னக் கண்ண விட்டு அகத்திரலாம்னு பாத்தேன். லாரியெல்லாம் சும்மா. லோன் போட்டுக்கூட வாங்குவேன்.”

அடுப்படியில் குழாய் சத்தம் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

பூங்காவனத்தம்மா ஈரக்கையைக் கைலியில் துடைத்தபடி வாசல்படியில் நின்றார். “எனக்குந்தான்டா தெரியும்” என்றார். “நாந்தான் வாங்குனேன் அத.”

வந்து எங்களோடு உட்கார்ந்தார். தட்டில் கிடந்த எலும்பை ஓரமாக ஒதுக்கினார். பிறகு சொன்னார். இடையில் நிறுத்தவில்லை, அழவுமில்லை.

தொண்ணூற்று ஒன்றில், அவருக்கு நாற்பது வயது. கேண்டீனுக்குக் காய்கறி போடும் சீனக்காரர் ஒருவர் ஒரு நாள், பக்கத்துச் சீனர் குடியிருப்பான புதுக்கம்பத்தில் ஒரு கிழவி இருக்கிறாள், அந்தக் காலத்தில் ரயில்வே கேட்காரத் தமிழனுக்குப் பிள்ளை கொடுத்ததாகச் சொல்வாள் என்றார். அப்பாவிடம் சொல்லாமல், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, அடையாளத்துக்கு டின்னை எடுத்துக்கொண்டு போனார்.

“அவளுக்கு ஹக்கா சீனம் தவிர ஒண்ணும் தெரியாது. எனக்கு ஹக்காவுல ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி சந்தையில பேசுற பாசார் மலாயில எதோ ரெண்டு சொன்னா. நான் டின்னத் தொறந்து வெச்சேன். அந்தம்மா ஒவ்வொரு காசா எடுத்தா. நகத்துல புடிச்சு ஓரத்துல ஊதிக் காதுகிட்ட வெச்சுக் கேட்டா. பதினொண்ணையும் கேட்டா. தலைய ஆட்டுனா. அப்புறம் எல்லாத்தையும் வாரி அலமாரியில வெச்சுப் பூட்டிக்கிட்டா.”

“கேட்டு வாங்கிருக்கலாமேம்மா?” என்றேன்.

“வாய் வரல. நான் அவ புள்ளையான்னு கேக்கத்தான் போனேன். அவ காச சோதிச்சா. என்னைய சோதிக்கல. மூஞ்சிய நிமிந்துகூடப் பாக்கல.”

வெறும் டின்னோடு வீட்டுக்கு வர முடியாது. தீபாவளி வந்துகொண்டிருந்தது, அப்பா தட்டில் பரப்புவார். பெற்றவளைத் தேடிப் போனது தெரிந்தால் அந்த மனுசன் உடைந்துபோவார். அடுத்த ஞாயிறு ஈப்போ சந்தையில் எண்ணிப் பதினொன்று வாங்கிப் போட்டுவிட்டார். அப்பாவுக்குக் கண் மங்கலாகிவிட்டிருந்தது. சாகும்வரை அவற்றைத்தான் எல்லாருக்கும் காட்டினார்.

“யோகேஸு வர்றான்னு இவன் சொன்னப்ப, சரி, அவ வாயாலயே போலின்னு வரட்டும், தாத்தா ஏமாந்துட்டாருன்னு இவன் நெனச்சுக்குவான்னு விட்டுட்டேன். நீ என்னடான்னா சொல்லவே மாட்டேங்குற” என்று என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

குணாளனுக்கு வரவில்லை. நாற்காலியைத் தள்ளி எழுந்தார்.

“தாத்தா என்னைய மடியில வெச்சுக்கிட்டு அந்தக் காச எண்ணச் சொல்லுவாரு. ஒவ்வொரு வருசமும். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமான்டா.”

அவர் வெளியே போனார். கேட் பூட்டியிருந்தது, சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது, ஆனால் திறந்தாலும் போக இடமில்லை. போர்ச்சில் நின்ற காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 18

குணாளன் காரிலிருந்து வரவில்லை. குளிக்க மட்டும் பின்வழியாக வந்து போனார்.

ஏப்ரல் 19

பூங்காவனத்தம்மா மூன்று வேளையும் தட்டைக் கொண்டுபோய்க் கார் ஜன்னலைத் தட்டுகிறார். கண்ணாடி இறங்குகிறது, தட்டு போகிறது, கண்ணாடி ஏறுகிறது. பேச்சில்லை. கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் காலித் தட்டு திரும்பி வருகிறது.

நான் அவரைச் சந்தேகப்பட்டது பற்றி இரண்டு முறை மன்னிப்புக் கேட்கப் போனேன். தூங்குவது மாதிரி இருந்தார். தூங்கவில்லை.

ஏப்ரல் 21

வெயில். காருக்குள் எப்படித்தான் இருக்கிறாரோ. நான்கு கதவையும் திறந்து போட்டுக் காலை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறார். இந்த வீட்டில் இப்போது பேசிக்கொள்வது நானும் பூங்காவனத்தம்மாவும் தொலைக்காட்சி சீரியலில் வரும் மாமியாரும்தான். தராசைப் பெட்டியில் வைத்துவிட்டேன். பொய் வேலையும் இல்லாமல் நாள் நகர மறுக்கிறது.

ஆபீசுக்கு எழுதினேன்: நாணயங்கள் ஏலத்துக்கு உகந்தவை அல்ல. எந்தக் காலத்தவை என்ற பத்தியை நிரப்பவில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 24

காலையில் நான் அரிசி களையும்போது அடுப்படிக்குள் குணாளன் வந்தார். சவரம் செய்யாத முகம். அம்மாவிடம் நேராகப் போனார்.

“அந்தக் கெழவி உங்க மூஞ்சியப் பாக்கவே இல்லையா?”

“இல்லடா.”

“ஒரு தடவகூட?”

“காசத்தான் பாத்தா.”

 குணாளன் அம்மாவின் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு கோழியை வெட்ட ஆரம்பித்தார். ஹோட்டல் சமையல்காரர், துண்டு ஒவ்வொன்றும் ஒரே அளவு. என்னிடம், “அக்கா, இஞ்சி நசுக்குங்க” என்றார். நசுக்கினேன். மன்னிப்பு அதோடு முடிந்ததென்று எடுத்துக்கொண்டேன்.

மே 4

கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். மாநிலத்துக்குள் போய்வரலாம். ஒரே குடும்பமென்றால் காரில் நான்கு பேர் போகலாம். கேட் சாவி இப்போது சுவரில் ஆணியில் தொங்குகிறது.

மே 6

வெளியூரில் மாட்டியவர்கள் போலீஸில் பதிந்துகொண்டு பத்தாம் தேதிக்குள் வீட்டுக்குப் போகலாமாம். அண்ணனிடம் சொன்னேன். “அவசரப்பட்டு வந்துராத யோகேஸ், சின்னவனுக்குப் பரீட்சை, அண்ணிக்கும் பயமா இருக்கு. அங்க ஒண்ணும் கஷ்டமில்லையே?” என்றார். கஷ்டமில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

மே 8

பதிவு செய்ய மறந்துவிட்டேன். இரண்டு நாளாக வடகம் போடும் வேலை.

மே 10, ஞாயிறு

குணாளன் காலையிலேயே காரைக் கழுவி நிறுத்தியிருந்தார். “மா, கெளம்புங்க. அந்தப் புதுக்கம்பத்துக்குப் போயிட்டு வருவோம்” என்றார்.

“எதுக்குடா? அவ செத்திருப்பா. இருந்தா தொண்ணூறு.”

“இருந்தா கேப்போம். இல்லன்னா வருவோம்.”

பூங்காவனத்தம்மா ஒரு மணி நேரம் மாட்டேன் என்றார். பிறகு போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். என்னையும் வரச் சொன்னார். டின்னை எடுக்கவில்லை.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை. பலகை வீடுகள், வாசலுக்கு வாசல் சிவப்புச் சாமி மாடம். அவர் தெருவை மறக்கவில்லை. மூன்றாவது சந்தில் நிறுத்தச் சொன்னார். கார் நின்றதும் இறங்க மறுத்தார். குணாளன் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.  கடைசியில் அம்மா இறங்கினார்.

வேலிக்குள் ஒரு பெண் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அறுபது இருக்கும். கட்டை உருவம், முகக்கவசம். எங்களைக் கண்டதும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று மலாயில் கேட்டார். “யாரைத் தேடுகிறீர்கள்?”

பூங்காவனத்தம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தன் முகக்கவசத்தைக் கழற்றினார்.

அந்தப் பெண் பார்த்தார். குழாயை மூடவில்லை, தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக, ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். அப்புறம் தன் முகக்கவசத்தையும் கழற்றினார்.  இருபத்தைந்து வருடமாக ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவதுதான் என் தொழில். இதற்கு லென்ஸ் வேண்டியிருக்கவில்லை.

“நீங்கள் சேலை கட்டிக்கொண்டு வந்தவர்” என்றார் அவர். “அன்றைக்கு நான் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரியும்.”

பெயர் ஸ்யூ லான். பூங்காவனத்தம்மாவைக் கொடுத்த பிறகு ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவர். அம்மா இறந்து பதினைந்து வருடம் ஆகிறதாம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று இருவரும் பாசார் மலாயில் பேசினார்கள்.

“என்ன சொன்னாள் உன் அம்மா?” என்று பூங்காவனத்தம்மா கேட்டார்.

“மகள் வந்தாள், மிகுந்த கோபத்தில் இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை என்றாள். கொடுத்த வெள்ளியைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்றாள். எண்ணிப் பார்த்தாளாம், ஒன்றைக்கூட நீங்கள் செலவழித்திருக்கவில்லையாம். அவமானத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுவாள்.”

குணாளன் என் பக்கம் திரும்பிக்கொண்டார். பூங்காவனத்தம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  

“அந்த வெள்ளியை என்ன செய்தாள்?” என்று கடைசியில் கேட்டார்.

ஸ்யூ லான் கையை உயர்த்தி மேலே காட்டினார். “அத்தாப்பு ஓலைக் கூரை இருந்தது. விற்று இந்தத் தகரம் போட்டோம்.”

பூங்காவனத்தம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். துருப்பிடித்த பழைய தகரம். ஓரத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. ஏலத்துக்கு வந்த பொருளைப் பார்ப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“ஒழுகுமா?” என்று மலாயில் கேட்டார்.

“இதுவரை இல்லை.”

“முப்பது வருசமா ஒழுகலயாம்டா” என்றார் மகனிடம், தமிழில். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. “அப்ப நல்ல வெள்ளிதான்.”